கால் உட்காரும் வரை

மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு மாஸ்டர் முதல் மூன்று வருடம் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார். நான்காவது வருடம், "இன்னுமா படிக்குது?" என்றார்கள். ஆறாவது வருடம், "டாக்டருக்கா?" என்றார்கள். எட்டாவது வருடம் வந்தபோது கேட்பதையே விட்டுவிட்டார்கள். டிப்போவில் டீ குடிக்கிறபோது யாராவது தன் பிள்ளைக்கு வேலை கிடைத்ததைச் சொல்ல ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவன் மாஸ்டர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மழை பக்கம் திருப்புவான். அந்தக் கரிசனம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

நகரப் பேருந்து டிப்போவில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. அதனால் ஊருக்கே அவர் மாஸ்டர். வீட்டில் கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கியர், கிளட்ச் எல்லாம் எவனும் சொல்லிக்கொடுப்பான், மாஸ்டருடைய சொந்தச் சரக்கு வேறு. புதுப்பையனை சீட்டில் உட்காரவைத்து, உள்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிடுவார்.

"மூஞ்சியைப் பார்க்காதே. மூஞ்சி ஏமாத்தும். ஏறினவங்க காலைப் பாரு. கடைசியா ஏறின ஆளோட கால் உட்கார்ந்துடுச்சா? அப்புறம் வண்டியை எடு."

நின்றுகொண்டே வருபவர்களுக்கும் கால் உட்காரும் என்பது அவர் சித்தாந்தம். பாதம் ஒரு இடத்தைப் பிடித்து, உடம்பின் கனத்தை அதில் இறக்கிவிட்டால் கால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொந்தக் காரைக் கிளப்புவதற்கு முன்னால்கூட, "கால் உட்கார்ந்துடுச்சா?" என்று பின்சீட்டைப் பார்த்துக் கேட்பார். "உட்கார்ந்துடுச்சு" என்று அவள் கத்தினால்தான் வண்டி நகரும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்தேழு வயது. அவள் படிப்பின் பாதையை மாஸ்டர் புரிந்துகொண்டது, தனக்குத் தெரிந்த ஒரே வழியில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே விசாரித்தார்.

"வரிசையா சொல்லு. அவசரப்படாம சொல்லு."

"முதல் மூணு வருஷம் டிகிரிப்பா. அது யாரு வேணா படிக்கலாம்."

"எல் போர்டு. சரி."

"நாலாவது வருஷம் தனியா ஒரு ஆராய்ச்சி. அதுல மார்க் நல்லா வந்தாத்தான் மேல சேர்த்துக்குவாங்க. அதுக்கப்புறம் இடம் கிடைக்காம ஒரு வருஷம் வீட்ல இருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? வீட்ல ஒருத்தராலகூட நிம்மதியா தும்ம முடியலை."

"அப்புறம் ரெண்டு வருஷம் மேல்படிப்பு. படிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரியில, ஸ்கூல்ல, ஜெயில்லனு வேலை பழகணும்."

"ரூட்டுக்குப் போறது."

"இப்ப கடைசிக் கட்டம். காலேஜ் கிளினிக்ல ஆளுங்களைப் பார்க்கிறேன். பின்னாடி ஒரு மேடம் மேற்பார்வை. எத்தனை மணி நேரம் பார்த்தேன், என்ன செஞ்சேன்னு புத்தகத்துல எழுதி அவங்ககிட்ட கையெழுத்து வாங்கணும். மணி நேரம் முடிஞ்சா பரீட்சை. பரீட்சை பாஸானா வாரியத்துல பதிவு. பதிவானாத்தான் சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்கலாம். அதுக்கு முன்னாடி சொன்னா குத்தம்."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். அவளுக்கு ஒரு பெரிய பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிற வேலை. இருபது வருடமாக ஊரின் சந்தோஷத்தை எல்லாம் க்ரீமில் எழுதித் தள்ளியவள்.

"அப்ப இப்ப நீ யாருடி?"

"பதிவுக்கு முன்னால் மேற்பார்வையில் பயிற்சி பெறுபவர்."

"கேக்குல இடம் பத்தாது. சீக்கிரம் பாஸ் பண்ணு."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு ஒரு கேள்வி எட்டு வருடமாகத் தொண்டையில் நின்றது. "எல்லாம் சரி. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதான் பண்ணுவ?"

"கேட்பேன்பா."

"கேட்டு?"

"கேட்டு, புரிஞ்சுக்கப் பார்ப்பேன்."

"அதுக்கா எட்டு வருஷம்? உங்க அம்மா முப்பது வருஷமா நான் சொல்றதைக் கேட்கிறா. அவளுக்கு எந்த வாரியமும் பதிவு கொடுக்கலையே."

"அவ எங்க கேட்டா, கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தா" என்றது அடுப்படி.

அந்த வீட்டில் இன்னொரு பேச்சும் புழக்கத்தில் இருந்தது. ஒருநாள் காய்கறிக் கடையில் ஒரு பெண் மகளுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகள் குனிந்து வெங்காயம் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தெரிஞ்சவங்க மாதிரி இருக்கே, ஒரு வார்த்தை பேசினா என்ன?" என்றாள் அம்மா.

"அவங்களா பேசினாத்தான் நான் பேசலாம்."

"ஏன், சண்டையா? கிளினிக்குக்கு வர்றவங்களா?"

"வெங்காயம் நல்லா இருக்கும்மா."

அதிலிருந்து, பதில் சொல்ல இஷ்டமில்லாத எந்தக் கேள்விக்கும் அந்த வீட்டில் "வெங்காயம் நல்லா இருக்கு" என்பதே பதிலாயிற்று. புது சட்டை என்ன விலை என்று மனைவி கேட்டால் மாஸ்டரும் அதையே சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் நெட்டையின் விவகாரம் வந்தது. நெட்டை மாஸ்டரிடம் பழகிய டிரைவர்களிலேயே பொறுமைசாலி. ஆறடிக்கு மேல் உயரம். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். ஒரு நாள் நிறுத்தத்திலிருந்து அவன் வண்டியை எடுத்தபோது ஒரு கார் குறுக்கே பாய்ந்தது. அவன் பிரேக்கை அழுத்த, உட்காரப் போன ஒரு வயதான அம்மாள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோயிற்று. விசாரணையில் அவன்மேல் தப்பில்லை என்றார்கள். அவன் கால்தான் அதை நம்பவில்லை. மறுவாரம் வேலைக்கு வந்தவன் முதல் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டான். பின்னால் ஹாரன், உள்ளே கூச்சல். அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

"கண்ணாடியில காலைப் பார்க்கிறேன் மாஸ்டர். எல்லாம் உட்கார்ந்துடுது. மறுபடி பார்த்தா ஒரு கால் அசையுது. மறுபடி பார்க்கிறேன், இன்னொண்ணு அசையுது. எப்படி மாஸ்டர் எடுக்கிறது?"

வண்டியைக் கொடுக்காமல் அவனை வண்டி கழுவுமிடத்தில் போட்டார்கள். நீளக் குழாயைப் பிடித்துக்கொண்டு அவன் அங்கே நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம் மாஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தான் சொல்லிக்கொடுத்த பாடமே அவன் காலைக் கட்டிப்போட்டுவிட்டதே என்று வெளியில் சொல்ல முடியாமல் தவித்தார். ஒரு வருடத்துக்குள் ஓட்டவில்லை என்றால் டிரைவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ஒரு மதியம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காலேஜ் கிளினிக்னு ஒண்ணு இருக்கு. மனசுக்குப் பார்க்கிறாங்க. போய்ப் பதிஞ்சுக்கோ. வியாழக்கிழமை காலையிலதான் உனக்குத் தோதுன்னு சொல்லு."

"வியாழக்கிழமை எனக்கு ட்யூட்டி மாஸ்டர்."

"மாத்தித் தர்றேன். இன்னொண்ணு, என் பேரை எங்கேயும் எடுக்காதே. சிபாரிசுன்னு நினைப்பாங்க."

ஃபிரிட்ஜ் கதவில் மகள் ஒட்டியிருந்த அட்டையில் வியாழக்கிழமை காலைக்குத்தான் கிளினிக் என்று பச்சை மை. அன்றைக்கு அவள் ஒருத்திதான் கிளினிக்கில். பெயரைச் சொல்லாமல் அனுப்பியதில் மாஸ்டருக்குப் பரம திருப்தி. நேர்மைக்கு நேர்மையும் ஆச்சு, காரியத்துக்குக் காரியமும் ஆச்சு என்று நினைத்துக்கொண்டார். சிபாரிசு வைத்து டிப்போவில் நுழைந்தவர்களை முப்பது வருடம் திட்டித் தீர்த்தவருக்கு, சொல்லாமல் இருப்பதிலும் ஒரு தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

வாரங்கள் போயின. நெட்டை வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றான். குழாயைப் பிடித்தபடி விசில் அடித்தான். ஒருநாள் யார்டுக்குள் காலி வண்டியை எடுத்து இரண்டு சுற்று சுற்றினான். "உள்ள என்னடா நடக்குது?" என்று மாஸ்டர் கேட்டார். "பேசறோம் மாஸ்டர்" என்றான் அவன். இந்தப் பதிலுக்கு மகளே தேவலாம்.

அவளுடைய பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறைதான் அந்தப் பரீட்சை. மணி நேரம் எழுதுகிற நீலப் புத்தகத்தில் மேடம் கடைசிக் கையெழுத்துப் போட்டால் எழுதலாம். அம்மா கேக்குக்கு நிறம்கூட முடிவு பண்ணியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மகள் மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். பையைக் கழற்றாமலே, மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை பரீட்சை எழுதலைம்மா. ஆறு மாசம் தள்ளிப் போச்சு."

அம்மா கையிலிருந்த தட்டை மெதுவாக வைத்தாள். "என்னடி சொல்ற? மணி நேரமெல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னியே?"

"கொஞ்சத்தை அடிச்சுட்டாங்க. மேற்பார்வையும் மூணு மாசம் கூட்டியிருக்காங்க."

"எதுக்கு?"

"நான் ஒரு தப்பு பண்ணேன்."

"என்ன தப்பு?"

மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெங்காயம் நல்லா இருக்கு என்றுகூட அவள் சொல்லவில்லை. அதுதான் மாஸ்டரைப் பயமுறுத்தியது.

"எத்தனை மணி நேரம் அடிச்சாங்க? பத்துப் பன்னெண்டா? ரவுண்ட் பண்ணிக்க மாட்டாங்களா?" என்றார். டிப்போவில் அது வழக்கம். நூற்றிருபது மணி நேரம் ஓட்ட வேண்டியவன் நூற்றுப்பதினாலு ஓட்டியிருந்தால், ஆள் பற்றாக்குறை நாளில் மாஸ்டரே நூற்றிருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"மாட்டாங்கப்பா. மாட்டாம இருக்கிறதுதான் சரி."

"நான் வேணா உங்க மேடம்கிட்ட..."

"அப்பா." அவள் எழுந்துவிட்டாள். "வேண்டாம்பா."

மறுநாள் காலை நெட்டை அவரைத் தேடி வந்தான். குழாய்த் தண்ணீர் பேன்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், என்னை வேற ஆளுக்கு மாத்திட்டாங்க. வியாழக்கிழமை பார்க்கிற அந்தம்மா இனிமே பார்க்க மாட்டாங்களாம். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு."

மாஸ்டர் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "என் பேரைச் சொன்னியா?"

"சத்தியமா இல்லை. மூணு வாரம் முன்னாடி காலைப் பத்திச் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், கால் உட்கார்ந்துடுச்சான்னு கேட்பார்னு சொன்னேன். அவ்வளவுதான். அந்தம்மா பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. அப்புறம் எப்பவும் போலப் பேசினாங்க. அதுக்கு அடுத்த வாரமும் பார்த்தாங்க. இப்பத்தான் மாத்திட்டாங்க. யாரு மாஸ்டர் அவங்க?"

வண்டி கழுவுமிடத்துத் தண்ணீர் மாஸ்டர் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. நின்ற இடத்தில் நின்றபடியே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவிடம் பழகியவன், அப்பா அனுப்பியவன், அப்பாவுடைய வார்த்தையில் மாட்டிக்கொண்டவன். அவனை மகள் பார்க்கக் கூடாது. இது மகளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அடுத்த வாரம் பார்த்தாள் என்பதும் அவருக்குத் தெரியும். இவன் விசில் அடிக்க ஆரம்பித்திருந்தான் அல்லவா?

லீவு எழுதிக்கொடுத்துவிட்டு நேராகக் காலேஜுக்குப் போனார்.

மேற்பார்வை மேடம் என்றதும் அவர் மனதில் ஒரு பெரிய உருவம் இருந்தது. ஆனால் சின்னதாக, நரைத்த தலையோடு ஒரு பெண்மணி ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கும் இரண்டு துண்டு நீட்டினார்.

"நீங்க சொல்றதை நான் கேட்பேன். ஆனா இங்க யார் வர்றாங்க, வரலைன்னு என்னால எதுவும் சொல்ல முடியாது. ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"பரவாயில்லைங்க. என் தப்பை மட்டும் சொல்லிடறேன்."

சொன்னார். பச்சை மை, வியாழக்கிழமை, பெயரைச் சொல்லாதே என்றது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், "அதனால அவளுக்கு அடிச்ச மணி நேரத்தைத் திருப்பிப் போட்டுடுங்க. அவளுக்கு எதுவும் தெரியாது" என்றார்.

"பொதுவா ஒண்ணு சொல்றேன். யார் அனுப்பினாங்கங்கிறது வேற. தெரிஞ்ச பிறகு என்ன செஞ்சாங்கங்கிறது வேற. நாங்க பார்க்கிறது ரெண்டாவதை."

"டிப்போவுல ஆறு மணி நேரம் குறைஞ்சா நான் ரவுண்ட் பண்ணிக் கொடுத்துடுவேங்க."

மேடம் கத்தியை வைத்துவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார். "அப்படியா? நான் தினமும் பஸ்லதான் வர்றேன்."

மாஸ்டருக்குக் காது சூடேறியது.

"ஒண்ணு கேட்கலாமா?" என்றார் மேடம். "பதிஞ்சுக்கச் சொன்னது சரி. குறிப்பா வியாழக்கிழமைன்னு ஏன் சொன்னீங்க?"

மாஸ்டர் யோசித்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை.

"எட்டு வருஷமாங்க. உள்ள என்ன பண்றன்னு கேட்டா, கேட்கிறேன்னு சொல்றா. எனக்கு வேண்டிய ஒருத்தன் உள்ள போய்ட்டு வந்தா, அவன் முகத்தைப் பார்த்தாவது தெரிஞ்சுக்கலாம்னு..."

"தெரிஞ்சுதா?"

"அவன் விசில் அடிச்சானுங்க."

மேடம் மிச்சமிருந்த ஆப்பிளை அவர் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் வீட்டில் மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ பதில் சொல்ல வேண்டாம்."

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு திரும்பி, சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நடுவில் இரண்டு தடவை தடுமாறினார். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. விட்ட இடத்தை அவராகவே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தாள். அம்மா ஏதோ கேட்க வாசலில் வந்து நின்றவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில் சொல்ல எதுவுமில்லாமல் போனபோதும் மகள் அப்படியே நின்றாள்.

"உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அதைக் கேட்டவுடன் மாஸ்டருக்குத் தான் சொல்ல வந்தது இது எதுவுமே இல்லை என்று தெரிந்தது.

"பஸ்ஸுல விழுந்த அந்தம்மாவை நானே தள்ளிவிட்ட மாதிரி இருக்குடா. நெட்டை காலை நானே கட்டின மாதிரி இருக்கு. இப்ப உன்னையும். முப்பது வருஷமா காலைப் பாரு, காலைப் பாருன்னு சொன்னேனே தவிர, எப்ப பார்க்கிறதை நிறுத்தணும்னு ஒருத்தனுக்கும் சொல்லிக்கொடுக்கலை."

சொல்லிவிட்டுத் தட்டைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த தட்டு அது. கண்ணீர் வந்ததை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. மகள் துணியை அவர் கையிலிருந்து வாங்கி அவர் முகத்தைத் துடைத்தாள்.

"யாரைப் பத்தியும் என்னால எதுவும் சொல்ல முடியாதுப்பா. என்னைப் பத்திச் சொல்லலாம். ஒரு விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே மேடம்கிட்ட போயிருக்கணும். நான் ரெண்டு வாரம் வாயைத் திறக்கலை. நல்லது நடக்குதே, கெடுக்கணுமான்னு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கிட்டேன். யாரும் கண்டுபிடிக்கலை. நானேதான் போய்ச் சொன்னேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"இந்த மாசம் பரீட்சை எழுதியிருப்பேன்."

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுதானா உள்ள நடக்கிறது? இப்ப நடந்ததே, இதுதானா?" என்றார்.

"இல்லப்பா. உள்ளே நான் முகத்தையெல்லாம் துடைச்சுவிட மாட்டேன்."

அந்த வாரம் ஒரு புதுப்பையனின் பயிற்சிப் புத்தகம் மேசைக்கு வந்தது. நூற்றுப்பதினாலு. ஆள் இல்லை, சீக்கிரம் போடுங்க மாஸ்டர் என்று மேலதிகாரி அவசரப்படுத்தினார். மாஸ்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, ஆறு மணி நேரம் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிப் பாடத்திலும் ஒரு வரி சேர்ந்தது. "ஒரு தடவை பாரு. நல்லாப் பாரு. அப்புறம் ரோட்டைப் பாரு."

ஆறு மாதம் என்று நினைத்தது, பரீட்சை முடிவும் பதிவும் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அம்மா கேக் மேல் 'சைக்காலஜிஸ்ட்' என்று எழுதினாள். இத்தனை வருட அனுபவத்தில் அன்றைக்குத்தான் ஒரு புள்ளி நழுவியது. பாதிக் கேக்கை வெட்டி, புது வேலையிடத்துக்கு எடுத்துப் போகச் சொல்லி ஒரு பெட்டியில் வைத்தாள். முதல் நாள் என்று மாஸ்டரும் கூடக் கிளம்பினார். டிப்போ அந்த வழியில் இல்லை என்று யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றது. ஸ்டியரிங்கில் முட்டி இடிக்க, நெட்டை உட்கார்ந்திருந்தான். யார்டில் ஓட்டுகிறான் என்று மாஸ்டருக்குத் தெரியும். மறுபடி ரூட்டுக்கு வந்தது தெரியாது.

"ஏறுங்க மாஸ்டர்" என்றான்.

மாஸ்டர் ஏறினார். பின்னாலேயே மகள் கேக் பெட்டியோடு ஏறினாள். நெட்டை அவளைப் பார்த்தான். அவள் டிக்கெட் மிஷினைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்க மாஸ்டருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. வாய்வரை வந்துவிட்ட பேச்சை மென்று விழுங்கினார்.

கடைசியாக ஒரு பெண்மணி ஊன்றுகோலோடு ஏறினாள். மாஸ்டர் உள்கண்ணாடியைப் பார்த்தார். நெட்டையின் கண் அதில் கீழே இறங்கியது. ஊன்றுகோல் தரையைத் தட்டிக்கொண்டு போயிற்று, ஒரு கால், இன்னொரு கால். பாதம் இடம் பிடித்து நின்றது. நெட்டையின் கண் கண்ணாடியை விட்டு ரோட்டுக்குப் போனது. திரும்பி வரவில்லை. பேருந்து நகர்ந்தது. மாஸ்டர் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"நல்லா ஓட்டுறான், இல்ல?" என்றார் மெதுவாக.

மகள் மடியில் இருந்த கேக் பெட்டியை நேராக்கினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"பஸ் நல்லா போகுதுப்பா" என்றாள்.